உப்புப் படாத ராலிக் கார்

இரவிச்சந்திரன் நீல நிறச் சுபாருவை வாங்கிய மாதம், அது பனியிலும் சேற்றிலும் மலைப்பாதையிலும் ஓடவென்றே பிறந்த ராலிப் பந்தயக் கார் என்று பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் இருபது நிமிடம் விளக்கினார். சங்கத்தின் கனடா மொன்றியல் கிளைக்கு அவர்தான் தலைவர். உறுப்பினர் பதினொரு பேரில் ஒன்பது பேர் நிர்வாகக் குழு என்பதால் எழுந்துபோக யாருக்கும் வழியில்லை.

பொன்னிறச் சில்லுகள். பின்னால் ஆள் குந்தியிருக்கக்கூடிய அகலத்தில் இறக்கை போல ஒரு செட்டை. முன்மூடியில் டர்போவுக்குக் காற்றுப் பிடிக்க ஒரு வாய். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். இத்தனையும் உள்ள காரை, நவம்பரில் முதல் பனி விழுந்த அன்றே கராஜுக்குள் விட்டுப் போர்வையால் மூடிவிட்டார்.

"பனி கரைய றோட்டில உப்புக் கொட்டுறாங்கள். இரும்பு கறள் பிடிச்சிடும்," என்றார்.

காரின் விலையில் பாதி அவருடைய மனைவி ஞானாம்பிகையின் சம்பளம். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் அடுக்கிய நாலு வண்டிகளைத் தொடுத்து இழுக்கும் குட்டி டிராக்டரை அவள் ஓட்டினாள். வேலைக்குப் போக, குளிரில் இரண்டு பஸ் மாறவேண்டும். கண்ணாடி போல் உறைந்த தரையில், விமானங்களுக்கு நடுவே, அந்த வண்டி வரிசையின் வால் எப்போது எந்தப் பக்கம் இழுபடும் என்று அவளுக்குத் தெரியும். இரவிச்சந்திரன் அதை ஓட்டம் என்று கணக்கெடுப்பதில்லை.

2006 பெப்ரவரியில் கீழ்வீட்டில் இருக்கும் சங்க உறுப்பினர் வின்சன்ட் ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம், உறைந்த ஏரியில், ஒரு கார் கிளப் நடத்தும் பந்தயம். ஐஸில் நிறுத்திய பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி ஒரு தடவை ஓடவேண்டும், நேரம் எடுப்பார்கள்.

"தலைவர், பனிக்கெண்டு பிறந்த கார் எண்டீங்க," என்றார் வின்சன்ட். "ஏரியில ஒருத்தரும் உப்புப் போட மாட்டாங்க. வழியில படுறதை வந்து கழுவலாம்."

இரவிச்சந்திரன் ஒரு காரணம் தேடினார்.

"ஒரு காருக்கு ரெண்டு பேர் ஓடலாமாம்," பிரசுரத்தை வாசித்த ஞானாம்பிகை சொன்னாள். "என்ர பேரையும் போடுங்கோ."

"உமக்கு ஏனப்பா?"

"நான் உங்களிலும் கெதியா வந்தால், பனி கரையுமட்டும் கார்த் திறப்பு எனக்கு. இதிலதான் வேலைக்குப் போவன்."

"நான் கெதியா வந்தால்?"

"நீங்கள் காரைப் பற்றிக் கதைக்கேக்க நான் இனிமேல் வாயே திறக்க மாட்டன்."

அவர் உடனே பிரசுரத்திலிருந்த படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதிய பனிச்சில்லுகள் பூட்டிய நீலக் கார் ஏரிக்கரையில் போய் நின்றபோது, சுற்றி நின்ற கார்களில் பாதிக்குக் கதவு ஒரு நிறம், உடல் ஒரு நிறம். வண்டிகளைச் சரிபார்த்த எலிசா என்ற பெண் உள்ளே எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். பத்து மாதம் பழகிய காரின் இருக்கைகளில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வீட்டுச் சோபாவுக்கும் அதே மரியாதைதான்.

"புதுசு," என்று இரவிச்சந்திரன் பிரெஞ்சில் பெருமையாக விளக்கினார்.

முதலில் அவர் ஓடினார். வழுவழுப்பான குளிர் ஜாக்கெட், அதன் கீழே வழுவழுப்பான பிளாஸ்டிக். முதல் வளைவில் கார் இடப்பக்கம் திரும்பியது. தலைவர் பெல்ட்டுக்குள்ளேயே வலப்பக்கம் வழுக்கிப் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி பிரேக்கை மிதித்தார். கார் ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, பனிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்தது. தள்ளிவிட்டார்கள். மூன்று கூம்புகளைச் சாய்த்து, இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடியில் வந்து சேர்ந்தார்.

"அந்த வாய் காத்துக்கு எண்டீங்களே," முன்மூடியிலிருந்த பனியை வின்சன்ட் கையால் தோண்டி எடுத்தார். "எல்லாம் சாப்பிடுது போல."

"ஐஸ் சரியில்லை," என்றார் இரவிச்சந்திரன்.

ஞானாம்பிகை கதவைத் திறந்தாள். குனிந்து, உறையின் விளிம்பைப் பிடித்து, ஒரே இழுவையில் கிழித்தாள்.

"இஞ்சாரும், அதைக் கழட்டாதையும்!"

"நீங்கள் பார்க்கிறதுக்கு வாங்கினியள். நான் ஓடப்போறன்."

இருக்கை அவளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தது. கொடி விழுந்ததும் கார் பாயவில்லை. நாலு சில்லாலும் பனியைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. வளைவுக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வால் வெளியே போனது. போகட்டும் என்று விட்டாள். கண் மட்டும் அடுத்த கூம்பில் இருந்தது. ஸ்டியரிங்கைச் சற்று எதிரே திருப்பி, மெதுவாக மிதித்தாள். டர்போ ஒரு பெருமூச்சு விட்டது. கார் பக்கவாட்டில் சறுக்கியபடியே அவள் பார்த்த இடத்துக்கு வந்து நேரானது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. அவளுக்குப் பின்னால் வெள்ளைத் தூள் வீட்டு உயரத்துக்கு எழும்பி வெயிலில் மினுங்கியது. கரையில் நின்றவர்கள் கோப்பிக் குவளைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். மூடிய ஜன்னல் கண்ணாடிகளுக்குள்ளே அவள் தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒரு நிமிடம் பதினான்கு விநாடி. ஒரு கூம்பும் சாயவில்லை. அன்றைய முப்பத்தொரு ஓட்டத்தில் இரண்டாவது.

எலிசா ஓடிவந்து, எங்கே பழகினாய் என்று கேட்டாள்.

"டோர்வலில்," என்றாள் ஞானாம்பிகை.

"அடிப்படையை நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்று இரவிச்சந்திரன் வின்சன்டிடம் சொன்னார்.

"ஓம், ஓம். நீங்க ஓடினதைப் பார்த்துத்தானே அவங்க எல்லாத்தையும் மாத்திச் செய்தவங்க."

திரும்பும்போது ஞானாம்பிகையே ஓட்டினாள். வின்சன்ட் பின்னால் நித்திரை. நெடுஞ்சாலையில் ஏறியதும் இரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினார்.

"வாற சனிக்கிழமை கூட்டம் இருக்கு. நான் தலைவர். காரில போய் இறங்கினால்தான் ஒரு இது."

"நான் கொண்டுபோய் இறக்கிவிடுறன்," என்றாள் அவள். "எத்தனை மணிக்கு ஆயத்தமாய் நிற்பியள்?"

அவள் கியரை ஒன்று குறைத்து, முன்னால் போன லொறியை முந்தினாள்.

"ரெண்டு மணிக்கு," என்றார்.