சனிக்கிழமைச் சுவர்

சனிக்கிழமை எழும்பிய சுவர் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

தையல்காரி, இன்னும் கதவு வைக்காத வாசலில் நின்று பார்த்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. செங்கற்கள் ஓரமாக, மடித்து வைத்த துணிகளைப் போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. இது மூன்றாவது தடவை.

முதல் தடவை கேட்டபோது, "தூக்கு சரியில்லம்மா, பிரிச்சிட்டேன்" என்றார் மேஸ்திரி. அடுத்த தடவை, "கோணல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அவளும் நம்பினாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறவள் அவள். நூல் அளவு பிசகினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம்.

இன்றைக்கு ஏனோ ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். சூளையிலிருந்து நேற்று வந்ததுபோல் சுத்தமாக இருந்தது. மூலையில் ஒட்டியிருந்த கலவையை நகத்தால் சுரண்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. சிமெண்ட் இல்லை. மணலும் செம்மண்ணும்.

அந்தக் கல்லோடு அவள் மேஸ்திரியைத் தேடிப் போனாள்.

அவளுக்கு வீடு கட்டித்தரும் அறக்கட்டளையின் ஏற்பாடு எளிமையானது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வட்டியில்லாத் தவணையில் வீடு. பதிலுக்குக் குடும்பத்தில் ஒருவர் நானூறு மணி நேரம் கட்டுமான வேலை செய்ய வேண்டும். அவள் மதிய ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் தினமும் காலையில் வந்து கலவை போட்டாள். நானூறு மணி நேரம் முடிந்து எத்தனையோ நாளாகிறது. அவள் கலவையில் எழுந்த ஐந்து வீடுகளிலும் ஆட்கள் குடியேறி, கொடியில் துணி காய்கிறது. ஆறாவது வீடு அவளுடையது. அதற்கு இந்த ஒரு சுவர்தான் பாக்கி. சுவர் முடியாமல் ஆய்வாளர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாமல் சாவி இல்லை. வாடகை வீட்டுக்காரரோ மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவருடைய மகன் போன வாரமே வந்து, இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தன் கட்டில் எங்கே வரும் என்று அளந்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமைக்கான கலவையை மட்டும் மேஸ்திரியே வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் விடாமல் கலந்து, சாக்குப் போட்டு மூடி வைத்துவிடுவார். தனக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்து அவள் அந்தக் குவியல் பக்கமே போகாமல் இருந்தாள். நன்றிகூடச் சொல்லியிருந்தாள். அதை நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

"மேஸ்திரி, இது என்ன?" கல்லை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வெளியே ரோட்டைப் பார்த்தார்.

"என்னக் கேக்காதம்மா. பொறுமை மேடத்தக் கேளு."

அறக்கட்டளையின் பொறுப்பாளருக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. எதைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுமையா இருங்க" என்பார். அன்றைக்கும் ஃபைலும் கையுமாக வந்து, கல்லைக் கண்டதும் அதைத்தான் சொன்னார்.

"பொறுமையாத்தான் மேடம் மூணு தடவ சிரிச்சேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்குது. எல்லாரும் மஞ்சச் சட்டையோட கட்றாங்க. நான் நடுவுல நின்னு ஃபோட்டோவுக்குப் பல்லக் காட்றேன். அதே சுவரு, அதே நானு. இடிக்கிறதுக்குன்னே கட்டுறீங்களா?"

மேடம் தலைகுனிந்தார். பொய் சொல்ல வராத மனுஷி; அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவங்களுக்குக் கட்டத் தெரியாதும்மா. ஆனா வந்து கையால ஒரு சுவர் கட்டிட்டுப் போனாத்தான் அந்தக் கம்பெனிங்க சிமெண்டும் கம்பியும் தருது. அவங்க இல்லன்னா இந்த ஆறு வீடுமே இல்ல. இது கூரையத் தாங்குற சுவர் இல்ல. செம்மண்ணுல கட்டினா கல்லு வீணாகாமப் பிரிக்கலாம். அதனால…"

"அதனால என் வீடுதான் ஆப்டுச்சா?"

"பஸ் நிக்க இதான் வசதி. வெளிச்சமும் நல்லா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சத்தம் போடுற ஆளும் இல்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

"இன்னும் ரெண்டே சனிக்கிழமைம்மா. அப்புறம் மேஸ்திரியே கச்சிதமாக் கட்டிருவாரு. கொஞ்சம்…"

"சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

அந்த இரண்டாவது சனிக்கிழமை அடுத்த மாதத்தில் விழுந்தது; வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள் அதற்கு முன்பே. விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை.

வீட்டில் வேன் ஓட்டும் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, "ம்" என்றான்.

"என்ன 'ம்'? நாலு வார்த்த சேர்ந்தாப்ல பேசினா முத்தா உதிர்ந்துரும்?"

அவன் யோசித்தான். மறுபடியும் "ம்" என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, பொழுது புலர்ந்ததும் அவள் மனைக்குப் போய்விட்டாள். சிமெண்ட் கொட்டகையின் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். சாக்கை விலக்கி, மேஸ்திரியின் செம்மண் குவியலை மண்வெட்டியால் வாரி வேலிப்பக்கம் கொட்டினாள். ஐந்து சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்ட் என்று தண்ணீர் விடாமல் புதிதாகக் கலந்து, பழையபடி மூடினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மனம் மட்டும் பல நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது.

மேஸ்திரி வந்தார். சாக்கைத் தூக்கினார். சிவப்பாக இருக்க வேண்டிய குவியல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்து விரல்களில் உருட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்தும் போயிற்று.

மேஸ்திரி தன் பைக்குள் கைவிட்டு, சனிக்கிழமைகளில் வெளியே வராத, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டையும் நூலையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒன்பதரைக்கு வந்து இறங்கினார்கள். அவள் இந்த முறை நடுவில் நின்று சிரிக்கவில்லை.

"சார், கல்லுல இருக்கிற குழி மேல பார்க்கணும். தலைகீழா வைக்காதீங்க."

"ஓ, இதுல தலை காலெல்லாம் இருக்காக்கா?" என்றார் அவர்களுடைய மேனேஜர், கையுறையைச் சரிசெய்தபடி.

"இருக்கு. நூலத் தொடாதீங்க தம்பி! அது செல்ஃபி எடுக்கக் கட்டினது இல்ல. அந்தக் கல்ல எடுங்க. எடுங்கன்னா எடுங்க. உங்க சட்டைக்கு இப்படி ஒருத்தி காலர் தச்சுக் குடுத்தா போட்டுட்டு ஆபீஸ் போவீங்களா?"

மேனேஜர் தன் காலரைத் தடவிப் பார்த்தார். பொறுமை மேடம் தூரத்திலிருந்து பதறி ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறு…"

"அவங்கதான் கரெக்டு மேடம்" என்றார் மேனேஜர். "எங்க ஆபீஸ்லகூட யாரும் இவ்வளவு தெளிவா சொல்றதில்ல."

எவ்வளவு கத்தியும் என்ன? கை பழகாதது பழகாததுதான். இருபது பேர், இருபது கை. அவள் ஒரு மூலையைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொரு மூலை தன் இஷ்டத்துக்குப் போனது. சாயங்காலம் சுவர் நின்றது. நடுவில் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை மேஸ்திரி கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார். 'ணங்' என்று கை அதிர்ந்தது. இன்னொரு தட்டுக்கு அவர் ஓங்கவில்லை.

"இனிமே இத எடுக்கணும்னா உடச்சுத்தான் எடுக்கணும் மேடம். கல்லு ஒண்ணுகூட மிஞ்சாது."

பொறுமை மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வர்ற சனிக்கிழமை நாப்பது பேர் வர்றாங்களே! நான் எதக் கொடுப்பேன்?"

"ரோட்டோரமா ஒரு சுவரக் கட்டச் சொல்லுங்க" என்றாள் தையல்காரி. "யாரும் குடியிருக்காத சுவரா."

மேடம் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் ஃபைலைத் திறந்து, ஆய்வாளரை வியாழக்கிழமை வரச்சொல்லி எழுதிக்கொண்டார்.

மத்தியானம் கணவன் வேனை நிறுத்திவிட்டு வந்தான். அவள் இஞ்ச் டேப்பைச் சுவரின் மேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். ஒன்றரை இஞ்ச் புடைப்பு. காலராக இருந்தால் தூக்கி எறிந்திருப்பாள். பதினோரு வருடப் பழக்கம் விரல் நுனியில் வந்து பிரி, பிரி என்றது. அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

அவன் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினான். பிறகு வாயைத் திறந்தான்.

"தொப்ப இருக்கு."

"உங்களுக்கும்தான் இருக்கு" என்றாள் அவள். "இடிச்சா போட்டேன்?"