தாரைப் பால் பட்ட கடிகாரம்

ஓசூரில் அந்த நாளில் மாப்பிள்ளை ஆகிறவனுக்குக் கோட்டு இரவல் கிடைக்கும், ஷூ இரவல் கிடைக்கும். கைக்கடிகாரம் வேண்டுமென்றால் மட்டும் பஷீர் அஹமது பாயிடம்தான் போக வேண்டும். மத்திகிரி மாட்டுப் பண்ணைக்கு வைக்கோலும் கொள்ளும் போட்டுக்கொண்டிருந்த வியாபாரி அவர். பண்ணையில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், சுதந்திரம் வந்த வருஷம் ஊருக்குக் கப்பலேறும்போது, தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் கட்டிவிட்டுப் போன கடிகாரம். தங்கக் கூடு, அப்பளம் போல மெலிசு. வெள்ளை முகப்பில் மயிரிழை எழுத்தில் மொர்லோ என்று செய்தவர் பெயர். முள் இரண்டே இரண்டு.

பாய் அதைக் கட்டிக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. வைக்கோல் கட்டு தூக்குகிற கைக்கு அது எதற்கு, கல்யாணக் கைக்குத்தான் அது என்பார். கேட்ட மாப்பிள்ளைக்கெல்லாம் கொடுத்தார். கோயில் கல்யாணமா நிக்காஹா என்று பார்க்கவில்லை. ஆனால் சும்மா கொடுக்க மாட்டார். உட்கார வைத்து மொர்லோ வீட்டுக் கதையைச் சொல்லித்தான் கொடுப்பார்.

"சுவிஸ் தேசத்துல பாதி வருஷம் பனி. மொர்லோ பெரியவர் வீட்டுல கீழ மாடு, மேல மனுசங்க. வாசல் திறக்க முடியாத மாசத்துல அந்த மாட்டுச் சூட்டுல உக்காந்து பல்சக்கரம் ராவுவாங்க. அப்பன், மகன், பேரன்னு மூணு தலைமுறை. எட்டு மாடு கட்டியிருந்தாங்க."

"எங்க சித்தி மகனுக்குச் சொன்னப்ப நாலு மாடுதானே பாய்?" என்று கேட்டான் கங்கப்பன். பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். அடுத்த முகூர்த்தத்தில் அவனுக்குக் கல்யாணம்.

"அது கன்னு போடறதுக்கு முன்ன."

"விநாடி முள்ளு காணமே?"

"பெரியவர் வைக்கக் கூடாதுன்னுட்டாரு. விருந்துக்கு வந்தவன் விநாடியை எண்ணிட்டிருந்தா சோறு போட்டவனுக்கு என்னடா மரியாதை?"

இதெல்லாம் கங்கப்பன் சொல்லித்தான் அவன் பெண்டாட்டி முனிலட்சுமிக்குத் தெரியும். பாய் மாதிரியே தாடியைத் தடவிக்கொண்டு சொல்வான். அவன் காலமான பிறகும் அந்தக் கதை அவளுக்கு அவன் குரலிலேயேதான் கேட்டது.

தளியிலிருந்து ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கல்யாணத்தன்று மாமியார் நஞ்சம்மாதான் மகன் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். புரோகிதர் குனிந்து பார்த்து, "இன்னும் நேரமிருக்குது" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி குனிந்தார். "ஆச்சு, தாரைக்குக் கை சேருங்க."

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் மாப்பிள்ளை கைகளைச் சேர்த்து வைத்து, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து பால் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்கள் எல்லாருக்கும் பாசம் அதிகம். பால் விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கி, கோட்டுக் கைக்குள் போனது. கடிகாரத்தைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் கங்கப்பன் அதைக் காதில் வைத்துப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. முள் முகூர்த்த நேரத்திலேயே நின்றிருந்தது.

முனிலட்சுமிக்கு ஊர்ப் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. தளியில் அவள் பக்கத்து வீட்டுக்கு வந்த மருமகள் வாசற்படி மிதித்த அன்று அந்த வீட்டு எருது விழுந்து செத்தது. அதிலிருந்து அவளுக்கு மாட்டைத் தின்னவள் என்றே பெயர். பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தியவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

"ராகிக் குதிர்ல புதைச்சு வெச்சா ஈரத்தை இழுத்துக்கும்" என்றான் கங்கப்பன். மெக்கானிக் சொல்கிறானே என்று அவளே துணியில் சுற்றிப் புதைத்தாள்.

மறுநாள் மாவு மெஷினுக்குக் கொடுத்தனுப்ப ராகி அள்ளிய நஞ்சம்மாவின் முறத்தில் கடிகாரம் வந்தது. அவள் துணியைப் பிரித்து முள்ளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை.

"முகூர்த்தத்துலயா நின்னுது?"

யாரும் பதில் சொல்வதற்குள் வாசலில் பாயின் குரல் கேட்டது. கடிகாரத்தை வாங்கிப் போக அவரே வந்திருந்தார். எதிர்வீட்டு ரங்கம்மாவும் விஷயம் என்ன என்று கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். பாய் கடிகாரத்தை வாங்கினார். ராகித் தூசியை ஊதினார். வாரில் புளித்த பால் வாடை. காதில் வைத்தார். கங்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாய் அவனைத் தாண்டி, கதவோரம் நின்ற முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னக்கா எல்லாரும் இப்படி நிக்கறீங்க? நிறுத்தித்தானே கொடுத்தேன். முள்ளை முகூர்த்தத்துல வெச்சு, சாவி கொடுக்காமத்தான் மாப்பிள்ளைக்குக் கொடுக்கறது. மொர்லோ வீட்டு வழக்கம் அது."

முனிலட்சுமிக்குத் தெரியும், அது பொய் என்று. தாரையின்போது அவன் கைமேல் இருந்த அவள் கைக்கு அந்தக் கடிகாரத்தின் துடிப்பு எட்டியிருந்தது.

"அப்படியா பாய்" என்றாள் நஞ்சம்மா. முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் நம்பினாளா இல்லையா என்று முனிலட்சுமிக்குப் பிடிபடவில்லை.

பாய் கடிகாரத்தைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார். ரிப்பேர்க்காரர் கழுவித் துடைத்து ஓட வைத்துவிட்டார். முகப்பில் மட்டும் மோர் தெளித்த மாதிரி ஒரு திட்டு. புதுச் சாயம் பூசி, பெயரையும் திரும்ப எழுதிப் புதுசாக்கித் தருகிறேன் என்றாராம். பெரியவர் வீட்டுக் கையெழுத்துமேல் இன்னொருத்தன் எழுதுவதா என்று பாய் அப்படியே வாங்கி வந்துவிட்டார்.

அடுத்தது மூக்கண்டப்பள்ளியில் நஞ்சம்மாவின் உறவுக்காரப் பையன் முனிவேலின் கல்யாணம். சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு, நன்றாக ஓடுகிற கடிகாரத்தை நிறுத்தி, முகூர்த்தத்தில் முள்ளை வைத்துக் கொடுத்திருந்தார் பாய். அதே புரோகிதர். மாப்பிள்ளை கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன் பாய், இது நின்னுல்ல கெடக்குது?"

"எப்பவும் நிறுத்தித்தானே சாமி கொடுக்கறது."

"கங்கப்பன் கல்யாணத்துல ஓடுச்சே. மொதல்ல பாத்தப்ப நேரமாகல. அப்புறம் பாத்துத்தானே கை சேரச் சொன்னேன்?"

பாய் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கம்மா பக்கத்திலிருந்தவளின் காதுக்குக் குனிந்தாள். முனிலட்சுமி கையிலிருந்த ஆரத்தித் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

நஞ்சம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஓமப் புகையில உங்களுக்கு என்னா தெரிஞ்சுதோ சாமி. நின்னுதான் கெடந்துச்சு. என் மவனுக்கு என் கையாலதான் கட்டுனேன், எனக்குத் தெரியாதா?"

"நான் ரெண்டு தரம்..."

"பத்து தரம் பாத்தாலும் நின்ன கடியாரம் நின்னதுதான். வெளிய போயி சூரியனைப் பாருங்க. நேரமாவுது."

புரோகிதர் முணுமுணுத்தபடி எழுந்து வெளியே போனார். நஞ்சம்மா திரும்பி வந்து மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"தட்டை நேரா புடிம்மா. வெளக்கு அணைஞ்சிடப் போவுது."