பச்சைக் கையுறை கோல்கீப்பர்

வந்தவர் பெட்டியைத் திறந்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் துணிக்கையுறை மாட்டிக்கொண்டு, விரல் உயரப் பிளாஸ்டிக் கோல்கீப்பரைப் பச்சைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சோப்புத்தூள் பாக்கெட்டோடு சும்மா கொடுத்த பொம்மை. இன்று இதற்காக ஒரு கூட்டமே ஏலத்தில் அடித்துக்கொள்கிறதாம். இவர் அதன் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதுகிறாராம். கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது.

எல்லாக் கோல்கீப்பருக்கும் மஞ்சள் கையுறைதான். இது போலப் பச்சை போட்டவை மொத்தமே பன்னிரண்டு என்றார். அந்தத் தொழிற்சாலையில் வண்ணம் தீட்டியவள் என்று விசாரித்துத் தேடி வந்திருக்கிறார். அசல்தான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் பொம்மையின் மணிக்கட்டைப் பார்த்தாள். மற்ற பெண்கள் அங்கே தூரிகையை வளைத்து முடிப்பார்கள், கூடவே வேலை பார்த்த அவள் அக்கா மட்டும் வெடுக்கென்று நேராக இழுப்பாள். அக்காவின் வேலையேதான்.

தொழிற்சாலையில் ஆளுக்கொரு நிறம். அக்காவுக்கு மஞ்சள். காற்றில்லாத அறையில் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் நெடி தலைக்கேறி, அன்று பக்கத்துப் பச்சைக் கிண்ணத்தில் தூரிகையை விட்டுவிட்டாள். பன்னிரண்டாவது பொம்மையோடு மேசையிலேயே சரிந்தாள். அன்று கெட்ட நுரையீரல் தேறவே இல்லை. இப்போதும் உள்ளறையில் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி, புத்தகத்தில் எழுதச் சொன்னாள். அக்காவை வந்து பார்க்கவும் கூப்பிட்டாள். மனிதர் உள்ளறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அதெல்லாம் வேணாம்மா. ராசியில்லாத பொம்மைன்னு பேராயிடும். கம்பெனியே ஸ்பெஷலா பண்ணதுன்னு போட்டிருக்கேன். அதுதான் படிக்க நல்லா இருக்கும்."

அவர் நீட்டிய பேனாவைத் தள்ளிவிட்டாள்.

"இது எங்கக்கா பூசினது இல்ல சார். யாரோ போலியை உங்க தலையில கட்டிட்டாங்க. அந்தப் பன்னிரண்டையும் அன்னிக்கே உடைச்சுப் போட்டுட்டாங்க."

அவர் முகம் செத்துவிட்டது. கையுறையைக் கழற்றி, பொம்மையை வெறுங்கையாலேயே பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனார். நல்லா வேணும் என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளறையிலிருந்து அக்கா இரைக்க இரைக்கக் கேட்டாள்.

"என்னோடது இல்லையாடி அது? ஒண்ணாவது தப்பிச்சிருக்கும்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

அவள் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். அவர் போய்விட்டிருந்தார்.