பள்ளத்தில் இருந்த மேட்டுத் தெரு

எங்கள் ஊரில் மேட்டுத் தெரு பள்ளத்தில் இருந்தது. ஆற்றங்கரைத் தெரு குன்றின் உச்சியில் இருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். "நீங்க பாக்கிற பார்வைக்குக் குன்று ஒண்ணும் கவுந்துடாது" என்று சொல்லிவிட்டு நான் பஞ்சர் ஒட்டப் போய்விடுவேன். இரண்டுக்கும் நடுவில், நடுத் தெருவில், எனக்குச் சைக்கிள் கடை. ஊரிலேயே பொய் சொல்லாத பெயர் எங்கள் தெருவுக்குத்தான்.

நடந்தது இதுதான். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஊர் ஆற்றை ஒட்டி இருந்தது. ஒரு வருடம் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. கரையில் இருந்தவர்களின் வீடுகள் போயின. மேட்டில் இருந்தவர்கள் இறங்கி வந்து அவர்களைக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வடிந்ததும், அடுத்த முறை மேட்டையும் விடாது என்று ஊரையே குன்றுக்கு மாற்றினார்கள். நனைந்தவர்கள் அடித்துப் பிடித்து ஏறி உச்சியைப் பிடித்தார்கள். கால் நனையாதவர்கள், நமக்கென்ன என்று அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள். வரும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு அவரவர் தெருப் பெயரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

பழகிப்போனதுதான் வம்பு. குழாய்த் திட்டம் வந்தபோது, தொட்டி மேட்டுத் தெருவில் அமையும் என்று உத்தரவு வந்தது. கூட்டத்தில் அதைப் படித்ததும் மொத்த ஊரும் கை தட்டியது. நானும்தான். தொட்டி உயரத்தில் இருந்தால்தானே தண்ணீர் எல்லா வீட்டுக்கும் இறங்கிப் போகும்? பெயரைப் பார்த்து அதிகாரிகள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் தெருக்களின் பூர்வீகம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நாங்கள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தோம். பொறியாளர் அம்மா வந்து அடிவாரத்தில் நின்று, குன்றை அண்ணாந்து பார்த்து, "இதுவா மேட்டுத் தெரு?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"உத்தரவை மாத்தணும்னா திருப்பி அனுப்பணும். மறுபடி எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் அவர். "எனக்கு வேண்டியது மேட்டுத் தெருன்னு ஒரு தெரு. அது எதுன்னு ஊர்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில வர்றேன்." சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் குடையை மடக்கியபோது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அதாவது, இரண்டு தெருவும் பெயரை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. மேலே இருப்பவர்கள் உடனே சரி என்றார்கள். அடிவாரத்தில் மில்லு மாமா இருந்தார். மாவு மில் வைத்திருப்பவர். அவர் தலையாட்டாமல் அந்தத் தெருவில் ஒன்றும் நடக்காது.

எனக்கு என் அக்காவை நினைத்துத்தான் கவலை. அக்கா உச்சியில், கடைசி வீட்டில், ஊர்த் துணியை வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். அத்தனை தண்ணீரும் அடிவாரக் கிணற்றிலிருந்து ஏறியாக வேண்டும். சைக்கிளில் குடத்தைக் கட்டி நான் தள்ளிக்கொண்டு போவது காலை வேலைக்கே காணாது. மீதி அவள் இடுப்பில்தான். போன மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. தொட்டி கீழே வந்துவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் மகனோடு போய் இருக்க வேண்டியதுதான். மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். "அங்க எனக்கு ஒரு வேலையும் இருக்காதுடா. உக்கார வச்சே கொன்னுடுவாங்க," என்பாள் அக்கா.

மில்லுக்குப் போனேன். மாமா இமையெல்லாம் மாவாக நின்றார்.

"பேரைக் கேட்டு வந்தியா? போடா சைக்கிளு. எங்க தாத்தா தண்ணியில இறங்கி உங்க தாத்தாவ முடியப் புடிச்சுத் தூக்கினாரு. அங்கேருந்து நாங்க கொண்டு வந்த பெருமை இந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு வாசல்ல ஆத்தங்கரைன்னு மாட்டிக்கணுமா?"

"அக்காவால தண்ணி சுமந்து ஏற முடியலை மாமா."

"அப்படி என்ன பெரிய ஏத்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க கடைசியா எப்ப மேல வந்தீங்க?"

அவர் யோசித்தார். உச்சியில் இருப்பவர்கள்தான் மாவரைக்கக் கீழே வருவார்கள். அவருக்கு அங்கே என்ன வேலை? "என்னால ஏற முடியாதுன்னு நினைச்சியா?" என்றார் கோபமாக. "சாயங்காலம் வர்றேன், பாரு."

வந்தார். என் கடை வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தித்தான் வந்தார். அங்கே நின்று, வாங்கப் போகிறவர் மாதிரி ஒரு சைக்கிள் மணியை வெகு நேரம் ஆராய்ந்தார். மூச்சு வாங்குவதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அக்கா வீட்டை அடைந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்க மாமா, உக்காருங்க," என்று அக்கா ஸ்டூலைப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும் கொஞ்சம்," என்றார். அதையும் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

மூன்றாவது டம்ளருக்கு அக்கா குடத்தையே தூக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது. கீழே சிந்தாமல் டம்ளருக்கு அடியில் இடது கையை ஏந்திக்கொண்டாள். மாமா அந்தக் கையைப் பார்த்தார். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த மற்றக் குடங்களையும் பார்த்தார்.

"ராத்திரிக்கு?"

"அதுக்கென்ன மாமா, இன்னொரு நடை போயிட்டு வந்தா ஆச்சு." வாசல் நிலையைப் பிடித்து நின்றுகொண்டுதான் சொன்னாள்.

மாமா அந்த மூன்றாவது டம்ளரைக் குடிக்கவில்லை. அப்படியே குடத்தில் திருப்பி ஊற்றிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் அடிவாரத்தில் அவரே ஏணி போட்டு ஏறித் தெருப் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வைத்துத் தள்ளுகிறேன் என்று கெஞ்சினேன். "எங்க தாத்தா தூக்கிட்டு வந்தது. நானே தூக்கிட்டுப் போறேன்," என்று தோளில் வைத்துக்கொண்டு, நின்று நின்று ஏறினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மாவு ஒட்டுமே என்று பேசாமல் பின்னாலேயே போனேன்.

பொறியாளர் அம்மா உச்சிக்கு வந்து பலகையில் இருந்த மாவுக் கைத்தடத்தைப் பார்த்தார். "இதுதான் மேட்டுத் தெருவா?"

"சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை கீழேருந்து ஏறிப் பாருங்கம்மா," என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

இப்போது அக்கா வாசலில் குழாய் இருக்கிறது. மாமா, "நாங்கல்லாம் ஆத்தங்கரை ஆளுங்கப்பா, எங்களுக்கென்ன தெரியும்," என்று மில்லுக்கு வருகிற எல்லோரிடமும் அலுத்துக்கொள்கிறார். முதன்முதலில் தண்ணீர் வந்த அன்றைக்கு மட்டும் யாரும் கூப்பிடாமலே மேலே ஏறி வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "தண்ணி குடும்மா," என்றார்.

அக்கா டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்தாள். நிரம்பி வழிந்து அவர் காலில் கொட்டியது.

"ஐயோ, பாத்தும்மா, சிந்துது!" என்று பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"சிந்தட்டும் மாமா," என்றாள் அக்கா. குழாயை மூட அவள் அவசரப்படவே இல்லை.