எப்படி என்று மட்டும் கேட்ட கூட்டம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு மினிபஸ்ஸின் ரயருக்குக் காற்றுப் போனதால் கிடைத்தது. எண்பத்தாறாம் ஆண்டு, மழை பொய்த்த வருடம். யாழ்ப்பாணம் போக எங்கள் தீவின் சுருவிலில் ஏறியிருந்தேன். மண்கும்பானில் தெரிந்தவளான கமலாதேவி ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அல்லைப்பிட்டி வந்ததும் ரயர் போய்விட்டது. எல்லோரும் இறங்கிப் பூவரச மரத்தின் கீழ் நின்றோம். நிற்கிற நேரத்தில் அவள் தன் புருஷனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

எனக்குக் கதைகள் காதால்தான் வரும். ஆள் கறுப்பா சிவப்பா, என்ன உடுத்தியிருந்தார் என்பதெல்லாம் பிறகு நானாகச் சேர்ப்பது. முதலில் இரண்டு பேர் கதைப்பது கேட்கும். இந்தக் கதையில் முதலில் கேட்டது இது:

“அக்கா, ஊரிலை என்ன சொல்லினம் தெரியுமோ? இவர் ஆபிரிக்காவிலை ஒரு நாட்டுக்கு அரசியல் யாப்பு எழுதிக் குடுத்தவராம்.”

“எழுதினவரோ?”

“கதிரை அடுக்கினவர்.”

‘இவர்’ என்பது அவள் புருஷன் தியாகலிங்கம் மாஸ்ரர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆபிரிக்க நாடொன்றுக்குப் படிப்பிக்கப் போய், எண்பத்து நான்கில் திரும்பி வந்தவர். அங்கே அவருடைய பள்ளிக்கூட மண்டபத்தில் யாப்பு ஆணைக்குழு ஒன்று கூடியது. வருகிறவர்கள் இருக்க அவர் கதிரை அடுக்கினார். பிறகு, அந்த ஊரின் எந்த இனத்துக்கும் சொந்தக்காரரல்ல என்ற ஒரே தகுதியால், சனங்கள் சொல்வதைக் குறிப்பெடுக்க அவரையே இருத்திவிட்டார்கள். அவ்வளவுதான். அது கடல் கடந்து மண்கும்பானுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நாட்டின் யாப்பாக வளர்ந்துவிட்டது.

(நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே படிப்பித்துவிட்டு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ‘உது அப்பிடியில்லை ரீச்சர்’ என்று ரீச்சரான என் வீட்டுப் படலையில் வந்து நிற்பார்கள். ஆகவே இது நான் உண்டாக்கிய நாடு. ஒரு கொடியும் ஒரு கீதமும் எழுபது மொழிகளும் கொடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் அளவுகோல் வைத்துக் கீறிய எல்லையை நானும் மாற்றவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

செம்மண் புழுதி கிளம்ப மூன்று ஜீப்புகள் அந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து

இல்லை. நான் ஆபிரிக்காவைக் கண்டதில்லை. இந்தப் புழுதி சினிமாவில் பார்த்தது.

இரண்டாம் முயற்சி:

அந்த நாட்டு மரங்களின் கீழ் மக்கள் கூடியிருந்தார்கள். அவை என்ன மரங்களென்றால்

“என்ன மரம் கமலா?”

“மாமரம்.”

“மாமரமோ?”

“ஓம் அக்கா. எங்கடை மாதிரித்தான். காய்க்கிற காலத்திலை பெடியளைப் பள்ளிக்கூடத்துக்குள்ளை வைச்சிருக்க ஏலாது.”

மாமரமென்றால் வாசகர் நம்பமாட்டார். ஆகவே மரங்களை விட்டுவிட்டு நேரே மண்டபத்துக்குள் போகிறேன்.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது யாப்பும் கூடவே கிடைத்தது. அது இலண்டனில் எழுதப்பட்டது. கட்சிகள் பல, தேர்தல், நீதிமன்றம், எல்லாம் அதில் இருந்தன. சில வருடங்களில் ஆட்சியாளர்களுக்கு ஒரு பயம் வந்தது. எழுபது மொழிக்காரர் எழுபது கட்சி தொடங்கினால் நாடு எங்கே நிற்கும்? நியாயமான பயம்தான், அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. எங்களுக்கும், நான் இந்தக் கதை கேட்ட எண்பத்தாறில், சுதந்திரத்துக்குப் பிறகான மூன்றாவது யாப்பு நடந்துகொண்டிருந்தது. அதில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. பயத்துக்கு அவர்கள் கண்ட மருந்து, ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே கட்சி. அதற்குப் புதிய யாப்பு வேண்டும். அதற்குச் சனங்களின் கருத்து வேண்டும். ஆணைக்குழு ஊர் ஊராகப் புறப்பட்டது.

மாஸ்ரரின் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆணைக்குழுத் தலைவர் எழுந்து சொன்னார்: “ஒரே கட்சி என்பது முடிவாகிவிட்டது. அது எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் நீங்கள் தாராளமாகப் பேசலாம்.”

சனங்கள் தாராளமாகப் பேசினார்கள். வேட்பாளர் எத்தனை பேர், வயது என்ன, கிராமத் தலைவருக்கு மேடையில் கதிரை உண்டா. அப்போது சோளம் விற்கிற ஒரு கிழவி எழுந்தாள்.

“எப்பிடி எண்டு கேக்கிறியள். வேணுமோ எண்டு ஏன் கேக்கயில்லை?”

(அவள் தன் மொழியில் கேட்டாள். ஒருவர் ஆங்கிலத்தில் மாற்றினார். மாஸ்ரர் அதைத் தமிழில் பெண்சாதிக்குச் சொன்னார். பெண்சாதி தீவுப் பேச்சில் எனக்குச் சொன்னாள். அந்தக் கிழவி எங்கள் ஊர்க்காரி போலக் கதைப்பதற்கு நான் பொறுப்பில்லை.)

“அது எங்கள் பணிக்கு வெளியே, தாயே.”

“உங்கடை பணிக்கு உள்ளுக்கு என்ன கிடக்கு?”

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். குறிப்பெடுக்க வேண்டுமா என்று மாஸ்ரர் கண்ணால் கேட்டார். வேண்டாமென்று தலைவர் கையால் காட்டினார். மாஸ்ரர் எழுதவில்லை.

3

இனி மண்கும்பான். இங்கே புழுதியைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மண்கும்பானில் புழுதி இல்லை, வெறும் மணல்.

மழை பொய்த்த அந்த வருடம் சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் உவர்ப்பாகிவிட்டன. கோயில் காணியிலிருந்த கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அதில் ஒரு வழக்கம் இருந்தது. பனையடிக் குறிச்சிப் பெண்கள் வாளியைத் தொடுவதில்லை. அவர்களுடைய ஆண்கள் பனையேறுகிறவர்கள். பெண்கள் குடத்தைக் கிணற்றுக் கட்டுக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி இருப்பார்கள். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அள்ளி ஊற்றிவிடுவார். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே நடந்தது.

தண்ணீர் குறையச் சண்டை கூடியது. அப்புத்துரையர் கோயில் தர்மகர்த்தா, கிணற்றுக்கும் தர்மகர்த்தா. ஒருநாள் தியாகலிங்கம் மாஸ்ரர் வீட்டுக்கு வந்தார்.

“மாஸ்ரர், நீர் ஒரு நாட்டுக்கே எழுதின ஆள். எங்கடை கிணத்துக்கு ஒரு யாப்பு எழுதித் தாரும்.”

“நான் எழுதயில்லை அண்ணை. அங்கை நான் சும்மா...”

“அடக்கத்தை விடும். முகவுரை பெரிசா இருக்கவேணும்.”

இந்த இடத்தில் மாஸ்ரர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஏனென்று கமலாதேவியைக் கேட்டேன்.

“பன்ரண்டு வருசம் அங்கை இருந்துபோட்டு வந்தவர் அக்கா. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேட்டு வரயில்லை. இதுதான் முதல் கேள்வி.”

ஒரு கிழமை இருந்து எழுதினார். முகவுரை அந்த நாட்டுடையது. ‘ஒரே ஊராய், ஒரே மக்களாய் வாழ உறுதிபூண்ட நாம்’ என்று தொடங்கும். கிணற்றுச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், தேர்தல், தலைவரை நீக்கும் முறை. நான்காம் பிரிவு பனையடிக் குறிச்சியைப் பற்றியது. அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் அள்ளி ஊற்ற ஒரு ‘நீர் வழங்குநர்’ நியமிக்கப்படுவார். முதல் வழங்குநர், இவ்வளவு நாளும் அவர்களுக்கு அள்ளி ஊற்றிவந்த ஆழ்வாப்பிள்ளை. மாஸ்ரருக்கு அந்தப் பிரிவில்தான் பெருமை.

“கமலா, இவ்வளவு காலமும் இவையள் ஊத்தினா ஊத்தினது, விட்டா விட்டது. இப்பதான் அவையளுக்கெண்டு ஒரு உரிமை எழுத்திலை வருது.”

“உரிமையோ? ஊத்திறதை எல்லோ எழுதியிருக்கிறியள்.”

“உனக்கு யாப்பு விளங்காது.”

4

கோயில் மடத்தில் கூட்டம். பெண்கள் ஒரு பக்கம். பனையடிக் குறிச்சியிலிருந்து வந்தவர்கள் வாசலோடு.

அப்புத்துரையர் சொன்னார்: “எல்லாரும் வந்திருக்கிறியள், சந்தோசம். எத்தினை மணிக்கு ஊத்திறது, ஆருக்கு முதல், ஆருக்குப் பிறகு, எல்லாத்துக்கும் கருத்துச் சொல்லலாம். இது உங்கடை யாப்பு.”

செபஸ்தியம்மா எழுந்தாள்.

இவளைப் பற்றி எனக்குக் கமலாதேவி சொன்னது கொஞ்சம். பனையேறுகிற ஒருவரின் விதவை. மருமகள் பிள்ளை பெற்றுப் பத்திய நாள். வீட்டில் நல்ல தண்ணீர் வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாள் ஆழ்வாப்பிள்ளை வேலணைக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். குறிச்சிப் பெண்கள் மத்தியானம் வரைக்கும் வெறுங்குடத்தோடு கிணற்றடியில் இருந்தார்கள். வாளி கிணற்றுக் கட்டில் கிடந்தது. கயிறு கப்பியில் தொங்கியது. கை நீட்டினால் தொடலாம். செபஸ்தியம்மா உவர்த் தண்ணீரோடு வீட்டுக்குப் போனாள்.

அவள் பேச்சை நான் முதலில் இப்படி எழுதினேன்:

“பெரியோர்களே! காலங்காலமாக எங்கள் தாகத்தை உங்கள் கருணையின் விளிம்பில்

அடித்துவிட்டேன். மேடைக்காரர் கதைப்பது போல இருக்கிறது. அவளுக்கு அதற்கு நேரமில்லை. தண்ணீர் வேண்டும்.

“ஆழ்வாப்பிள்ளையர் கலியாணத்துக்குப் போனா நாங்கள் என்ன செய்யிறது?”

“நல்ல கேள்வி,” என்றார் அப்புத்துரையர். “எழுதும் மாஸ்ரர். அவர் இல்லாத நாளுக்குப் பதில் வழங்குநர் ஒருத்தர்.”

ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம். “ஒரு நாள் ஒரு கலியாணத்துக்குப் போனதுக்கு என்னைக் கூட்டத்திலை ஏத்துறியோ? என்ரை தோள் நோவு ஆருக்குத் தெரியும்? இவளவைக்கு அள்ளி அள்ளித் தோளுக்குப் பூசிற எண்ணெய்க்கே எனக்குக் காசு காணாது.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். உங்களுக்கும் நோக வேண்டாம். எங்களுக்குக் கை இருக்கு. நாங்களே அள்ளுறம்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ “ஐயோ” என்றது கமலாதேவிக்குக் கேட்டதாம்.

அப்புத்துரையர் குரலை உயர்த்தவில்லை. “உது இண்டைக்கு எடுத்த விசயமில்லை. ஊத்திறது எப்பிடி எண்டதுக்குத்தான் கூட்டம். நீ இரு.”

“ஊத்திறதே எதுக்கெண்டு கேக்கிறன் ஐயா.”

“மாஸ்ரர், உதை எழுத வேண்டாம். அடுத்த ஆள்.”

கமலாதேவி புருஷனைப் பார்த்தாள். அவர் பேனை தாளுக்கு மேலே நின்றது. நெற்றி வேர்த்திருந்தது.

“அப்ப?” என்று நான் கேட்டேன்.

ரயர் மாட்டியாயிற்று என்று கொண்டக்டர் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஓடி ஏறினோம். உள்ளே சனம் நெருக்கி எங்களைப் பிரித்துவிட்டது. மண்டைதீவுச் சந்தியில் அவள் தமக்கை வீட்டுக்குப் போக இறங்கினாள். கீழே நின்று எனக்குக் கையைக் காட்டினாள். எனக்குக் கேட்டது அவ்வளவுதான்.

5

தொண்ணூறில் இராணுவம் வரத் தீவில் இருந்து எல்லோரும் எழும்பி வந்துவிட்டோம். இப்போது தொண்ணூற்று நான்கு. நான் நல்லூரில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்து எழுதுகிறேன். கமலாதேவி கனடாவில் என்கிறார்கள், வன்னியில் என்றும் சொல்கிறார்கள். மாஸ்ரர் இருக்கிறாரோ தெரியாது. கேட்க ஆளில்லை. ஆகவே முடிவை நான்தான் செய்யவேண்டும்.

மாஸ்ரரில் எனக்குச் சந்தேகம். ஒரு நாட்டில் எழுதாமல் விட்டதை இன்னொரு ஊரில் எழுதி ஈடுசெய்கிற மனிதர் கதைகளில் நிறைய உண்டு. வாழ்க்கையில் எழுதாமல் விட்டவருக்கு அது பழகிப்போகும். ஆனாலும் நெற்றி வேர்த்தது என்று பெண்சாதி சொன்னாளே. அதை எங்கே வைப்பது?

மூன்று முடிவுகள் செய்து வைத்திருக்கிறேன். வாசகர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு ஒன்று: மாஸ்ரர் எழுதுகிறார். நான்காம் பிரிவை வெட்டி, ‘ஊரவர் எவரும் தாமே அள்ளலாம்’ என்று எழுதி வாசிக்கிறார். அப்புத்துரையர் கூட்டத்தைக் கலைக்கிறார். யாப்பு இல்லாத கிணற்றில் ஆழ்வாப்பிள்ளை தோள் நோவோடு தொடர்ந்து ஊற்றுகிறார்.

முடிவு இரண்டு: மாஸ்ரர் எழுதவில்லை. யாப்பு ஏகமனதாக நிறைவேறுகிறது. கூட்டம் முடிந்து வந்த கமலாதேவி, எல்லோரும் பார்க்க, தானே வாளியை எடுத்துச் செபஸ்தியம்மாவின் கையில் கொடுக்கிறாள். (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே இதில் நம்பிக்கையில்லை.)

முடிவு மூன்று: பதில் வழங்குநர் நியமிக்கப்படுகிறார். தண்ணீர் நேரத்துக்குக் கிடைக்கிறது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. நான்கு வருடத்தில் ஊரே இல்லை.

இந்த மூன்றையும் நல்ல தாளில் படியெடுத்துக்கொண்டிருந்தபோது செபஸ்தியம்மாவின் குரல் கேட்டது. எனக்குக் கேட்கும் என்று முதலே சொன்னேனே.

“ரீச்சர், உந்த மூண்டிலையும் நான் என்ன செய்யிறன்?”

“நீர் நிக்கிறீர், செபஸ்தியம்மா. எல்லாரும் உம்மைப் பற்றித்தான்...”

“ஒண்டிலை மாஸ்ரர் எழுதுறார். ரெண்டிலை கமலாம்மா எடுத்துத் தாறா. மூண்டிலை ஆரோ ஊத்தினம். நான் குடத்தோடை கீழைதான் இருக்கிறன்.”

“வாசிக்கிற ஆக்களையும் கேட்டிருக்கிறன். அவை விரும்பினதை எடுக்கட்டும்.”

“மூண்டுக்குள்ளை எது எண்டோ?”

எப்படி என்று மட்டும் கேட்ட அந்தத் தலைவரின் கதிரை என்று நினைக்காமல்தான் இவ்வளவு நேரமும் நான் இதில் இருந்திருக்கிறேன்.

“உமக்கு எது வேணும், சொல்லும். நாலாவது ஒண்டு எழுதுறன்.”

“நீங்கள் எழுதித் தந்தா அது ஊத்தினது மாதிரித்தானே ரீச்சர்.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

“வாளியை விடுங்கோ. மருமகள் பாத்துக்கொண்டிருப்பாள்.”

மூன்று முடிவுகளிலும் குறுக்கே கோடு கீறினேன். அவை மேலே அப்படியே இருக்கட்டும். நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று வாசகருக்குத் தெரியவேண்டும். உங்களிடம் நான் கேட்பது எந்த முடிவு என்றல்ல. கிணற்றுக் கட்டில் நிற்கிற இடத்தை விட்டு நானும் நீங்களும் கொஞ்சம் விலகி நிற்கவேண்டும், அவ்வளவுதான். அவள் ஏறி வருகிறாள்.