பெருக்கல் குறி போட்ட ஸ்டார்ட்டர்

தையல் கூடத்தில் ஒரு மாதமாக டியூப்லைட்டுகள் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தன. எலக்ட்ரீஷியனுக்கு அது மானப் பிரச்சினை. பதினெட்டு வருஷ உத்தியோகம். இன்று மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு ஆளும் தயார். வேறு யார், ஸ்டோரில் இருக்கும் மச்சினன்தான். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து இவரே உள்ளே நுழைத்துவிட்ட அதே மச்சினன்.

"எனக்கெதுக்கு மாமா உங்க வேல? நீங்க சரி பண்ணிடுவீங்க" என்று காலையில்கூடச் சொன்னான். மனுஷன் உருகிப்போனார்.

அவர் பார்க்காத இடமில்லை. டியூப்பைத் திருகிப் பார்த்தார், சோக்கை மாற்றினார், ஹோல்டர்களைச் சுரண்டித் துடைத்தார், வோல்டேஜை அளந்தார். ஸ்டார்ட்டரை மட்டும் சந்தேகப்படவில்லை. மச்சினன் புதுப் பெட்டியைப் பிரித்துத் தன் கையால் எடுத்துக் கொடுத்ததாயிற்றே, அதைப் போய்ச் சந்தேகப்படுவாரா!

மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கடைசி விளக்குக்கு ஏறினார். டியூப்பின் இரண்டு முனையும் சிவந்து கிடந்தன, நடுவில் வெளிச்சமே இல்லை. அலுத்துப்போய் ஸ்டார்ட்டரைத் திருகி உருவினார். டியூப் பளிச்சென்று எரிந்தது. அட சனியனே, கோளாறு இதிலா?

ஸ்டார்ட்டரைத் திருப்பினார். அடியில் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் உரித்தார். உள்ளே ஸ்க்ரூடிரைவரால் கீறிய பெருக்கல் குறி. செத்த ஸ்டார்ட்டரை யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாதென்று, குப்பையில் வீசுவதற்கு முன்னால் அவரே போடும் குறி. எட்டிப் பக்கத்து விளக்கிலும் உருவிப் பார்த்தார். அங்கும் அதே ஸ்டிக்கர், அதே குறி.

ஏணியைப் பிடித்திருந்தவனைக் குனிந்து பார்த்தார். அடப்பாவி, குப்பைத் தொட்டியைக் கிளறியா என் சோற்றில் மண்ணைப் போட்டாய்? கூடப் பிறந்தவள் புருஷன் என்றுகூடவா தோன்றவில்லை?

"என்னய்யா, ஆச்சா?" மேலாளர் கீழே வந்து நின்றார்.

"ஆச்சு சார். ஸ்டோர்ல புதுசுன்னு குடுத்ததெல்லாம் நான் குப்பையில போட்டது. இந்தாங்க, ஸ்டிக்கருக்கு அடியில என் குறி இருக்கு பாருங்க."

மேலாளர் இரண்டையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்து எறங்குங்க மாமா. ஏணிய நான் புடிச்சிருக்கேன்."

"அதாண்டா பயமா இருக்கு. கைய எடு."