இரும்பு மறைத்த எண்

தங்கையின் ரத்த மாதிரியை ஆய்வக இயந்திரத்துக்குள் வைத்து மூடிவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முடிவு வர ஆறு நிமிடம். தினமும் நாற்பது பேரின் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்ப்பவள், இந்த ஆறு நிமிடத்தை இதுவரை எண்ணியதே இல்லை.

காலையில் தங்கை கர்ப்பப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வாரம். "பாத்துக் குத்துக்கா. சின்ன வயசுல நான் கிள்ளினதுக்கெல்லாம் சேர்த்து வாங்கிடாத!" என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். பிறகுதான் எண்கள் வந்தன. இரும்புச்சத்து நிறைவாக இருந்தது. சிவப்பணுக்கள் மட்டும் சிறுத்தே கிடந்தன. இரண்டு வருடமாக எதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாளோ, அது எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

கல்யாணத்துக்கு முன் இருவரின் ரத்தத்தையும் இவள்தான் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு பீட்டா குளோபின் என்ற புரதத்தின் மரபணு இரண்டில் ஒன்று பழுது. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெண்ணுக்கும் அதே பழுது இருந்தால், நாலில் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். பழுது இருந்தால் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை கூடிக் காட்டிக்கொடுக்கும். தங்கைக்கு அது மூன்று புள்ளி மூன்று. மூன்றரை என்ற எல்லைக்குள்தான்.

ஆனால் தங்கைக்கு அப்போது இரும்புக் குறைவு. இரும்பு குறைந்தால் ஏ2-வும் தாழ்ந்து பழுதை மறைத்துவிடும். அப்படிப்பட்டவர்களின் தாளில் 'இரும்பு ஏற்றியபின் மீண்டும் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்ப்பது அவள் கைக்குத் தானாக வரும் வேலை. தங்கையின் தாளில் மட்டும் சேர்க்கவில்லை. தேதி குறித்தாகிவிட்டது, அப்பா அத்தனை சந்தோஷமாக இருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு வரியை விழுங்கினாள், அவ்வளவுதான்.

இன்னும் நான்கு நிமிடம்.

உள்ளே இருக்கும் குழந்தைக்கு இப்போது பீட்டா தேவையே இல்லை. அதற்கென்று காமா குளோபின் இருக்கிறது, தாயின் ரத்தத்திலிருந்தே ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ளும் கெட்டிக்காரப் புரதம். பிறந்து சில மாதத்தில் அது ஒதுங்கி பீட்டாவுக்கு வழிவிடும். பீட்டா வராவிட்டால்தான் வீடு தலைகீழாகும். தசையில் ஒரு குளோபின், பயறு வேரின் முடிச்சில்கூட ஒரு குளோபின். ஒரே குடும்பம், ஆளுக்கொரு வேலை. இதயத்தசையில் மையோகுளோபின் கொஞ்சம் மூச்சைச் சேமித்து வைத்திருக்கும். அவளுக்கு அதுவும் தீர்ந்துபோனது போலிருந்தது.

திரையில் எண் வந்தது. ஐந்து புள்ளி ஒன்று.

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தங்கை நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அருகில் உட்கார்ந்து எண்ணைச் சொன்னாள், அதன் பொருளையும் சொன்னாள். தங்கையின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்ப... அன்னைக்கு நல்லா இருக்குன்னியே. மெஷின் தப்பா காட்டிடுச்சா?"

தங்கையே கதவைத் திறந்து வைத்தாள். ஒரு 'ஆமா' போதும். பழைய தாளை யாரும் தேடப்போவதில்லை.

"மெஷின் சரியாத்தான் காட்டுச்சு," என்றாள். "உனக்கு அப்ப இரும்பு கம்மி. திரும்பப் பாக்கணும்னு எழுதியிருக்கணும். நான் எழுதல."

"மறந்துட்டியா?"

"இல்ல."

தங்கை அவளையே பார்த்தாள். "வேற யாராவது பாத்திருந்தா எழுதியிருப்பாங்க, இல்லக்கா?"

"ஆமா."

"கூடப்பொறந்தவ பாத்ததால எனக்கு ஒரு வரி கொறஞ்சுபோச்சு."

அவள் கையை நீட்டினாள். தங்கை தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"நஞ்சுக்கொடில கொஞ்சம் எடுத்துக் கொழந்தையோட மரபணுவைப் பாக்கணும். இந்த வாரமே. நாலுல மூணு பங்கு பயமில்ல."

"அதையும் நீதான் பாப்பியா?"

"இல்ல. வேற எடத்துல."

"நல்லது."

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மருத்துவரின் அறையை நோக்கி நடந்தாள். கதவருகே நின்றாள். திரும்பவில்லை.

"வா. ஏன் முன்னாடியே தெரியலன்னு டாக்டர் கேப்பாங்க. அதை நான் சொல்ல முடியாது."

அவள் எழுந்து பின்னால் போனாள்.